உடம்பு முடியும் இடத்தில்

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் வைக்க இடம் இருக்காது. காசிமேட்டிலிருந்து விடியுமுன் வந்திறங்கிய வஞ்சிரமும் சங்கராவும் வவ்வாலும் ஐஸ் மேல் கிடக்கும். வாங்க வந்தவர் விலை கேட்பதற்கு முன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் பேரம் தொடங்கும். பழுப்பேறியிருந்தால் அடுத்த கடை. மீன் கைமாறியதும், அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா ஒரே கேள்விதான் கேட்பார்: "குழம்புக்கா, வறுக்கவா?" பதில் வருவதற்குள் செதில் பறக்கத் தொடங்கிவிடும்.

அடுத்த சில நிமிடங்களில் அவர் கைபடுகிற பரப்பெல்லாம் பெரும்பாலும் ஒரே வகைத் திசு. மீனைப் பிடித்தால் கை வழுக்குகிறதே, அந்தக் கொழகொழப்பைச் சுரப்பது அது. செவுளில் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது அது. சில மீன்களின் வயிற்றைக் கீறினால் உள்சுவரில் ஒரு கருப்புத் தோல் ஒட்டியிருக்கும். குழம்பு கசக்கும் என்று அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். அதன் வழவழப்பான மேற்பரப்பும் அதே திசுதான். குடலின் உட்பக்கமும் அதுவே. பள்ளிப் புத்தகங்கள் இதை எபிதீலியத் திசு என்கின்றன. தசை, நரம்பு, இணைப்புத் திசு ஆகியவற்றோடு சேர்த்து விலங்குடம்பின் நான்கு அடிப்படைத் திசுக்களில் இது ஒன்று. மீனுக்கும், மீன் வெட்டுகிறவருக்கும், வாங்கிப்போகிறவருக்கும் உடம்பு எங்கெல்லாம் முடிகிறதோ அங்கெல்லாம் இருப்பது இதுதான்.

உடம்பு முடிகிற இடம் என்றால் தோல் மட்டும்தானே என்று தோன்றும். அப்படியில்லை. வாயில் தொடங்கி ஆசனவாய் வரை போகிற குழாயின் உட்புறமும் ஒரு வகையில் வெளியுலகம்தான். காலையில் சாப்பிட்ட இட்லி குடலுக்குள் இருக்கும் வரை உடம்புக்குள் வந்துசேரவில்லை. குடலின் எபிதீலியத்தைக் கடந்து ரத்தத்தில் கலந்த பிறகுதான் அது உடம்புக்குச் சொந்தம். மூச்சுக்காற்றும் அப்படியே. சிறுநீர் வெளியே போகும் பாதையும் அப்படியே. வெளியிலிருந்து எது வந்தாலும், உள்ளிருந்து எது போனாலும் இந்தத் திசுவைக் கடக்காமல் முடியாது.

சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர்களுக்காக உருவான பேட்டை. 1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கூவம் வளைந்து ஓடும் இடத்தில் சுங்குராமா என்ற வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்ய ஆட்களைக் குடியமர்த்தினார்கள். எவ்வளவு நெருக்கி நெய்தாலும் துணியில் இழைக்கும் இழைக்கும் நடுவே கண் இருக்கும். எபிதீலியத்தில் அந்தக் கண் இல்லை. செல்லும் செல்லும் ஒட்டி நிற்கும். ஒட்டுகிற இடத்தைப் புரதங்கள் இறுக்கிப் பூட்டியிருக்கும். மேல்பக்கம் வெளியைப் பார்த்திருக்கும். கீழ்ப்பக்கம் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலத்தின்மேல் ஊன்றியிருக்கும். ரத்தக் குழாய்கள் எல்லாம் அந்தச் சவ்வுக்குக் கீழேதான். மேலே ஒன்றுகூடக் கிடையாது. தோல் லேசாகச் சிராய்த்தால் ரத்தம் வராமல் இருப்பதற்கு இதுவே காரணம். சாப்பாடும் ஆக்ஸிஜனும் கீழிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் இந்தச் செல்கள் பிழைக்கின்றன. ரத்தக் குழாய் இல்லை என்ற இந்தச் செய்தியை வாசகர் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. புற்றுநோய் பற்றிப் பேசும்போது அது உயிர்ச் செய்தியாக மாறும்.

வகை பிரிப்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். எத்தனை அடுக்கு? செல்லின் உருவம் என்ன? ஒரே அடுக்கு என்றால் எளிய எபிதீலியம். பல அடுக்கு என்றால் கூட்டு எபிதீலியம். உருவம் தட்டை, கனசதுரம், தூண் என்று மூன்று. இவை மனப்பாடம் செய்து மறந்துபோகிற பெயர்களாகவே பலருக்கும் நின்றுவிட்டன. ஆனால் வேலையைப் பார்த்தால் உருவம் தானாகப் புரியும். ஏதாவது ஒன்று சட்டென்று கடந்துபோக வேண்டிய இடத்தில் செல் தட்டையாக, ஒரே அடுக்காக இருக்கும். உறிஞ்சவோ சுரக்கவோ வேண்டிய இடத்தில் உயரமாக இருக்கும். அந்த வேலைக்கான சாமான்கள் உள்ளே தங்க இடம் வேண்டுமே. தேய்மானம் இருக்கிற இடத்தில் அடுக்கின்மேல் அடுக்காக இருக்கும்.

மீன் செவுளின் சிவப்பு, அதை மூடிய மெல்லிய படலத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தத்தின் சிவப்பு. மனித நுரையீரலில் அதே பணியைக் காற்றுப்பைகளின் தட்டை எபிதீலியம் செய்கிறது. அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தூரம் பல இடங்களில் ஒரு மைக்ரான்கூட இல்லை. தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. இப்படி முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகள். எல்லாவற்றையும் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். இதயத்தின் உட்சுவரிலும் ரத்தக் குழாய்களின் உள்பக்கத்திலும் இதே தட்டைச் செல்கள்தான் ஒற்றை அடுக்காகப் படிந்து, ரத்தம் உறையாமல் வழுக்கிக்கொண்டு ஓட உதவுகின்றன.

தோலின் கதை வேறு. மீனின் தோலில் மேலடுக்கு வரை செல்கள் உயிரோடு இருக்கும். தண்ணீரிலேயே வாழ்வதால் காய்ந்துபோகும் கவலை அதற்கு இல்லை. கொழகொழப்பே போதுமான காப்பு. காற்றில் வாழும் மனிதருக்கு அது கட்டுப்படியாகாது. தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல் மெல்ல மேலே தள்ளப்படும். போகிற வழியில் கெரட்டின் என்ற புரதம் அதற்குள் நிறையும். மேலே வந்துசேரும்போது அது தட்டையாகி, செத்துப்போயிருக்கும். செத்த செல்களும் அவற்றுக்கு நடுவே பூசியிருக்கும் கொழுப்பும் சேர்ந்துதான் உடம்பின் ஈரம் வெளியேறாமல் காக்கின்றன. பிறந்த செல் உதிர்ந்து விழ நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

நாள் முழுக்க ஐஸிலும் மீன் தண்ணீரிலும் ஊறுகிற கைகளில் இந்தக் காப்பு எப்படித் தோற்கிறது என்பதை மார்க்கெட்டில் நேரிலேயே பார்க்கலாம். கத்தி பிடித்து வெட்டுகிறவரின் உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருக்கும். அழுத்தமும் உராய்வும் இருக்கிற இடத்தில் கெரட்டின் அடுக்கைத் தடிப்பாக்கி உடம்பு கொடுக்கும் பதில் அது. அதே கையில் விரல் இடுக்குகள் வெளுத்து, ஊறி, உரிந்திருக்கும். ஈரத்தில் ஊறிப்போன கெரட்டினுக்குள் பூஞ்சை எளிதில் குடியேறும். ஊர்ப்பக்கம் சேற்றுப்புண் என்று சொல்வது இதைத்தான். தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குவதும் தோல் ஊறிப் பெருப்பதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நரம்பு அறுந்த விரல் எவ்வளவு நேரம் ஊறினாலும் சுருங்குவதில்லை என்பதை 1930-களிலேயே மருத்துவர்கள் கண்டுவிட்டார்கள். நரம்பின் கட்டளையால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மேல்தோல் உள்ளே இழுபடுகிறது.

கெரட்டின் உறை மொத்தமாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் தெரியும். உடம்பில் பெரும் பகுதி வெந்தவருக்கு முதல் ஆபத்து நீரிழப்பு. அடுத்தது கிருமித் தொற்று. முதல் நாளில் மணிக்கணக்குப் பார்த்துத் திரவம் ஏற்றுவது, ஈரத்தைத் தடுத்து வைத்திருந்த சுவர் இடிந்துபோனதாலும் உள்ளே ரத்தக் குழாய்கள் கசிவதாலும்தான்.

மார்க்கெட்டை விட்டு வெளியே வந்தால் கூவம். மூக்கின் கூரையில், சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள ஓர் எபிதீலியம்தான் அந்த நாற்றத்தை மூளைக்குச் சொல்கிறது. மற்ற இடங்களில் நரம்பு செல்கள் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். இங்கே மட்டும் அவை எபிதீலிய செல்களுக்கு நடுவே நின்று, நேராக வெளிக்காற்றில் தலைநீட்டுகின்றன. அதனால்தான் அடிக்கடி சாகின்றன. அதனால்தான் வாழ்நாள் முழுக்கப் புதிதாகப் பிறந்துகொண்டும் இருக்கின்றன. 2020-இல் கோவிட் வந்தவர்களில் பலருக்கு வாசனை போனது. வைரஸ் முதலில் தாக்கியது வாசனை நரம்புகளை அல்ல, அவற்றுக்குப் பக்கத்தில் நின்று தாங்குகிற எபிதீலிய செல்களைத்தான் என்று பின்னால் தெரிந்தது. தாங்கும் செல்கள் மீண்டும் முளைத்ததும் பெரும்பாலானவர்களுக்கு வாசனையும் திரும்பியது.

கூவத்தின் நாற்றத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது வாசனை அறியும் சக்தியே மரத்துப்போகும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு, நாற்றம் நின்றுவிட்டதே, காற்று சுத்தமாகிவிட்டதே என்று தோன்றும். உயிர் போவது அந்த நேரத்தில்தான். மனிதரைக் கழிவு அள்ள இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்துவிட்டது. சாவு நின்றபாடில்லை. மூக்கை நம்பி எவரையும் உள்ளே இறக்குவது கொலைக்குச் சமம்.

மூக்குக்குக் கீழே மூச்சுக்குழாயில் இருப்பது வேறு வகை. ஓரடுக்குதான், ஆனால் செல்களின் உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் பல அடுக்கு போலத் தெரியும். பொய் அடுக்கு எபிதீலியம் என்று அதைச் சொல்வார்கள். அதில் பல செல்களின் தலையில் தலா சுமார் இருநூறு குறுயிழைகள். நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் அவை ஒரே திசையில் அசையும். பக்கத்தில் நிற்கும் கோப்பை செல்கள் சுரக்கிற சளியில் அண்ணா சாலைப் புகையும் தூசியும் கிருமியும் ஒட்டிக்கொள்ள, குறுயிழைகள் அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளும். அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். பீடி, சிகரெட் புகை இந்தக் குறுயிழைகளை முடக்கி, பிறகு கொன்றேவிடுகிறது. தள்ள ஆள் இல்லாத சளியை வெளியேற்ற மிஞ்சும் ஒரே வழி இருமல். புகைப்பவரின் காலை இருமல், காணாமல்போன குறுயிழைகளின் வேலையைத்தான் செய்கிறது. புகை நிற்கவில்லை என்றால் அந்த இடத்தில் தோலில் இருப்பது போன்ற தட்டைச் செல் அடுக்கு முளைக்கும். உரசலைத் தாங்கும், சளியைத் தள்ளாது.

சிறுநீரகத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அது ரத்தத்திலிருந்து வடிக்கிறது. வெளியே போவது ஒன்றரை லிட்டர். மீதி எல்லாவற்றையும் சிறு குழாய்களின் சுவரில் உள்ள கனசதுர செல்கள் மீட்டு ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. சிறுநீர்ப்பையின் சுவரில் இடைநிலை எபிதீலியம் என்ற தனி வகை உண்டு. பை நிறைய நிறைய அதன் செல்கள் தட்டையாக விரியும். காலியானால் மறுபடி குவியும். எவ்வளவு விரிந்தாலும் சிறுநீரை உடம்புக்குள் கசிய விடாது.

குடலில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே தூண் எபிதீலியம். செல்லின் தலையில் நுண்விரல்கள் நெருங்கி நிற்கும். உறிஞ்சும் பரப்பைப் பெருக்க அந்த ஏற்பாடு. குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று வெகுகாலமாக எழுதிவந்தார்கள். 2014-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கவனமாக அளந்து, வாயிலிருந்து பெருங்குடல் வரை மொத்தமே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்று காட்டினார்கள். அதுவே பெரிய அளவுதான். இன்னும் வியப்பானது இந்தச் செல்களின் ஆயுள். மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து, அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது.

இந்தக் குடல் செல்களைக் குறிவைக்கும் நோய் காலரா. 1992-இன் கடைசியில் மதராஸில் ஒரு புதுவகைக் காலராக் கிருமி தலைகாட்டியது. ஓ139 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவிவிட்டது. காலரா குடலை அரித்துப் புண்ணாக்குகிறது என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அது செல்லைக் கொல்வதில்லை, ஏமாற்றுகிறது. கிருமி இல்லாமல் அதன் நச்சு மட்டுமே முயலின் குடலில் தண்ணீரைக் கொட்ட வைக்கும் என்பதை 1959-இல் கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே நிரூபித்தார். அந்த நச்சு எபிதீலிய செல்லுக்குள் புகுந்து, உப்பை வெளியே தள்ளும் வாயிலைத் திறந்தபடியே நிறுத்திவிடும். உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகும். ஒரே நாளில் பல லிட்டர் போய், ஆள் வற்றிச் சாவார்.

செல் உயிரோடு இருக்கிறது என்பதில்தான் மருந்தும் இருக்கிறது. அதே செல்லில் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும் இன்னொரு வாயில் உண்டு. காலரா நச்சு அதைத் தொடுவதில்லை. உப்பை மட்டும் கொடுத்தால் பலன் குறைவு. சர்க்கரையும் கூட இருந்தால் உப்பு உள்ளே வரும், தண்ணீரும் பின்னாலேயே வரும். 1971-இல் வங்கதேச அகதிகள் நிரம்பிய பன்காவ் முகாமில் ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களே நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் 2023-இல் கிடைத்தது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லாதபோது வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டக் கூடாது.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைக் கடந்து புதுப்பேட்டை வழியாகப் போனால் எழும்பூர் கண்ணாஸ்பத்திரி. 1819-இல் தொடங்கியது, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்குப் பிறகு உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. சென்னைக்காரர்களுக்கு மழைக்காலத்தில் 'மெட்ராஸ் ஐ' வந்து கண் சிவந்தால் நினைவுக்கு வரும் இடம். பெரும்பாலும் அடினோவைரஸ் கண்ணின் வெண்பகுதியை மூடிய எபிதீலியத்தில் தொற்றுவதால் வருவது அது.

கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கருவிழிப்படலத்தின் மேல் ஐந்து முதல் ஏழு அடுக்கு எபிதீலியம் இருக்கிறது. ஒளி புகவேண்டும் என்பதால் இங்கே கெரட்டின் உறை கிடையாது, கண்ணீர்தான் ஈரம். குழந்தையின் நகம் பட்டுக் கண்ணில் கீறல் விழுந்தால் வலி உயிர்போகும். ஆனால் ஓரத்துச் செல்கள் ஊர்ந்துவந்து ஓரிரு நாளில் காயத்தை மூடிவிடும். புதிய செல்களை அனுப்பிக்கொண்டே இருப்பது கருவிழியும் வெண்விழியும் சேருகிற விளிம்பு. அங்கேதான் மூலச் செல்கள் இருக்கின்றன.

இந்த மருத்துவமனையில் 1945-இல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1948-இல் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. இறந்தவர் கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் பார்வை கொடுக்கலாம் என்பதே கணக்கு. அதில் பலர் அறியாத ஒன்று உண்டு. தானமாக வந்த கருவிழியின் மேல் உள்ள எபிதீலியம் நிலைப்பதில்லை. நாளடைவில் நோயாளியின் சொந்தச் செல்களே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே விளிம்பு மூலச் செல்கள் அழிந்துபோன கண்ணில் எவ்வளவு நல்ல கருவிழியை வைத்தாலும் அது மறுபடி மங்கிவிடும். வெற்றிலைக்கு வாங்கிய சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் விளையாட்டாகப் பிதுக்கிக் கண்ணில் தெறித்துக்கொள்வது நம் நாட்டில் தொடர்ந்து நடக்கிற விபத்து. சுண்ணாம்பு அழிப்பது அந்த விளிம்பைத்தான். அப்படி நேர்ந்தால் டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன்னால் குழாய்த் தண்ணீரில் கண்ணைக் குறைந்தது கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும்.

ஒரு கண் நன்றாக இருந்தால் அதன் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் துண்டு எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கி, பனிக்குடச் சவ்வின்மேல் ஒட்டி, கெட்ட கண்ணில் புது எபிதீலியத்தை வளர்க்கும் முறையை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழு 2012-இல் வெளியிட்டது. இரண்டு கண்ணும் காய்ந்து கருகிப்போனவர்களுக்கு அதுவும் பயன்படாது. அவர்களில் சிலருக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவில் வேறு வழி பார்க்கிறார்கள். நோயாளியின் சொந்தப் பல்லை எலும்போடு எடுத்துச் செதுக்கி, நடுவில் பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்தி, கண்ணில் பதித்து, மேலே கன்னத்தின் உட்தோலை எடுத்து மூடுகிறார்கள். மிளகாயும் முறுக்கும் சூடான காபியும் தாங்கிப் பழகிய வாயின் எபிதீலியம் கண்ணுக்கு முன்னால் நின்று பார்வையைக் காக்கிறது.

இவ்வளவு உழைக்கிற, இவ்வளவு வேகமாகப் பிறந்து சாகிற திசுவில்தான் தவறும் அதிகம் நடக்கிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கும் மேல் எபிதீலியத்தில் தொடங்குபவை. வாய், உணவுக்குழாய், நுரையீரல், குடல், கருப்பைவாய் எல்லாம் அதில் அடக்கம். மார்பகப் புற்றும் பெரும்பாலும் பால் நாளங்களின் எபிதீலியத்தில் பிறப்பதுதான். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையை நடத்தத் தொடங்கியது 1954-இல். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே வந்த பெண்களில் பலருக்குக் கருப்பைவாய்ப் புற்று முற்றியே இருந்தது.

முற்றுவது என்றால் என்ன என்பது அடித்தளச் சவ்வில் இருக்கிறது. கெட்டுப்போன செல்கள் முதலில் எபிதீலியத்துக்குள்ளேயே பெருகுகின்றன. அங்கே ரத்தக் குழாய் இல்லை. பரவ வழி இல்லை. சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கிய பிறகுதான் ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் எலும்புக்கும் போகின்றன. கருப்பைவாயில் இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். தூண் எபிதீலியமும் தட்டை எபிதீலியமும் சந்திக்கிற எல்லையில் பாப்பிலோமா வைரஸ் தொற்றி, பெரும்பாலோருக்குத் தானே போய்விடும்; சிலருக்கு மட்டும் தங்கும். தங்கியது புற்றாக மாறப் பத்து ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல். அவ்வளவு நாள் அவகாசம் கொடுக்கிற நோய் வேறு எத்தனை இருக்கிறது?

அந்த அவகாசத்தைப் பயன்படுத்த பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை என்பதைக் காட்டியது தமிழ்நாட்டின் ஒரு மாவட்டம். 2000-இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன் குழு 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதித்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, தடவினார்கள். ஒரு நிமிடத்தில் கெட்ட செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாக மாறும். வெறும் கண்ணுக்கே தெரியும். தேவையானவர்களுக்கு உறைய வைத்து அகற்றும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: ஒரே ஒரு முறை பரிசோதித்த கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்று 25 சதவீதம் குறைந்தது, அதனால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. முதல் பரிசோதனைக்கு எந்த நவீனக் கருவியும் இல்லாமல், ஒரு செவிலியரின் கண்ணும் ஒரு விளக்கும் செய்த வேலை இது. இதைவிடப் பெரிய மருத்துவச் செய்தி தமிழ்நாட்டிலிருந்து அதிகம் வந்ததில்லை. ஆனால் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வாய் இன்னும் எளிது. கண்ணாடி முன் நின்றால் தானே பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் ஆட்டோ ஸ்டாண்டிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் பாக்கும் புகையிலையும் கலந்த மாவா போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் வெளுத்து, நார் போல இறுகி, கடைசியில் மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. புகையிலை மட்டும்தான் கெடுதல், வெறும் பாக்கு போட்டால் ஒன்றும் ஆகாது என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. புகையிலை கலக்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்குதான் அந்த நாரை உண்டாக்குகிறது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருந்தும் மாவா கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

வாயின் எபிதீலியம் உடம்பிலேயே சீக்கிரம் ஆறுகிற இடங்களில் ஒன்று. கடித்துக்கொண்ட புண்ணோ சூடு பட்ட புண்ணோ சில நாளில் மறைந்துவிடும். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். அதைத் தாண்டியும் ஒரு புண் ஆறாமல் நின்றால், அல்லது தேய்த்தால் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தால், மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ போய் வாயைத் திறந்து காட்டுங்கள். முப்பது வயதைக் கடந்த பெண்கள் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை கேளுங்கள். சில நிமிடம்தான் ஆகும், காசு கிடையாது. ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பாப்பிலோமா வைரஸ் தடுப்பூசி பற்றியும் அங்கேயே விசாரித்துவிட்டு வாருங்கள்.